எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது

"பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதமே நடந்துவிட்டது, எங்கள் குழந்தை பதினான்கு மாதமாகியும் நடக்கவில்லை." பெற்றோர் அடிக்கடி சொல்லும் கவலை இது. இரண்டுமே இயல்புதான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி பிடிமானமின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள்ளும், தானாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள்ளும் நிகழ்கிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறைமாதக் குழந்தை என்றால் முதலில் வயதைத் திருத்திக்கொள்ள வேண்டும். முழுக் கர்ப்ப காலமான 40 வாரத்திலிருந்து குழந்தை பிறந்த வாரத்தைக் கழியுங்கள். வருவதை இன்றைய வயதிலிருந்து கழியுங்கள். 32 வாரத்தில் பிறந்து இன்று ஆறு மாதமான குழந்தையின் வளர்ச்சியை ஏறக்குறைய நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கணக்கு பொருந்தும். தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது, பொதுவாகப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. நோய் எளிதில் தொற்றுவது அந்தக் குழந்தைகளுக்குத்தான்.

"குறைமாதம்தானே, மெதுவாக வரும்" என்ற சமாதானம் சிலவற்றுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே வந்த சொல்லோ, சிரிப்போ, அசைவோ மறைந்துபோனால் எந்த வயதிலும் உடனே காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், "இடக்கைப் பழக்கம்" என்று விடாமல் மறு கையின் இறுக்கத்தையும் வலுவையும் பரிசோதிக்க வேண்டும்.

"ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்ற பேச்சால் வீணாகும் மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை. பன்னிரண்டு மாதத்தில் மழலையும் கைகாட்டலும் இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா" போலத் தானாக இரு சொல் சேர்க்கவில்லை என்றால் முதலில் கேட்கும் திறனைக் கருவி கொண்டு பரிசோதியுங்கள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ஊ', 'ஆ' என்று குரல் கொடுக்கும். பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதை நம்ப முடியாது. நிழலையோ காற்றசைவையோ உணர்ந்து குழந்தை திரும்பக்கூடும். பகுதி குறைபாடு இருந்தால் தட்டும் ஓசை கேட்கும், 'ச', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே பரிந்துரைக்கப்படும் கால அளவு.

குழந்தை வளர்ச்சித் துறையில் பயிலும் மாணவர்கள் பெற்றோரிடம் கேள்வி கேட்கும் விதத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். "குழந்தை பேசுமா?" என்றால் பெரும்பாலும் "பேசும்" என்றே பதில் வரும். "நேற்று தண்ணீர் வேண்டும் என்பதை எப்படித் தெரிவித்தது?" என்று கேளுங்கள். அழுததா, கையை இழுத்துப் போனதா, சுட்டிக் காட்டியதா, சொன்னதா என்பது அப்போதுதான் தெரியும். பெற்றோரும் தூக்கமும் பசியும் இல்லாத நேரத்தில் குழந்தையைத் தரையில் விளையாட விட்டு, இரண்டு நிமிடக் காணொளியாகத் தேதியோடு எடுத்து வையுங்கள். புது இடத்தில் மிரண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையால் வீட்டில் என்ன செய்ய முடிகிறது என்று மருத்துவருக்கு அது காட்டும்.