மூன்று கால் முயலும் இரண்டு கட்சி அமெரிக்காவும்

ஒரு சின்னக் கணக்கு. தோல் அரிப்புக்குப் புதிதாக ஒரு களிம்பு வந்திருக்கிறது. அதைப் பூசிக்கொண்டவர்களில் 223 பேருக்கு அரிப்பு குறைந்தது, 75 பேருக்கு அதிகமானது. பூசாமலே விட்டவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு அதிகமானது. களிம்பு வேலை செய்கிறதா?

223 என்ற எண் கண்ணைப் பறிக்கிறது. 'செய்கிறது' என்று வாய் முந்திக்கொள்கிறது. நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். கூட்டிப் பார்த்தால் கதை வேறு. பூசியவர்கள் மொத்தம் 298 பேர், தேறியவர்கள் நூற்றுக்கு 75. பூசாதவர்கள் 128 பேர், தேறியவர்கள் நூற்றுக்கு 84. களிம்புக்குச் செலவழித்த காசு தண்டம்.

யேல் சட்டக் கல்லூரியின் டான் கஹானும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2013-இல் வெளியிட்டார்கள். இந்தக் கற்பனைக் களிம்பு அதில்தான் வருகிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் சறுக்கினார்கள், கணக்கில் கெட்டிக்காரர்கள் தப்பித்தார்கள். இதில் வியக்க ஒன்றுமில்லை. வேறு சிலரிடம் அதே எண்களைத் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். களிம்பு இருந்த இடத்தில், பொது இடங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான தடை. அரிப்பு இருந்த இடத்தில், நகரத்தின் குற்றங்கள். சிலருக்குத் தடையால் குற்றம் குறைந்ததாக அட்டவணை காட்டியது, சிலருக்குக் கூடியதாகக் காட்டியது.

அங்கே ஜனநாயகக் கட்சியினர் பொதுவாகத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள், குடியரசுக் கட்சியினர் எதிர்ப்பவர்கள். இப்போது கெட்டிக்காரர்களும் தடுமாறினார்கள், ஆனால் எல்லோரும் ஒரே பக்கமாக அல்ல. முதல் பார்வையில் தெரியும் விடை தன் கட்சிக்குச் சாதகமாக இருந்தால் அதோடு பேனாவை மூடிவிட்டார்கள். பாதகமாக இருந்தால்தான் வகுத்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். கணக்குத் தெரியாதவர்களிடம் கட்சி வாரியான இடைவெளி சிறிதாக இருந்தது. தெரிந்தவர்களிடம்தான் அது பெரிதாக விரிந்தது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதக்காரர்களைச் சொல்வோம். கஹானின் சோதனையை நம்பினால், எண்ணத் தெரிந்தவருக்கு நாலாவது காலை எங்கே மறைப்பது என்பதும் கூடவே தெரிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பின்னாளில் வேறு குழுக்கள் இதைத் திரும்பச் செய்தபோது, கணக்குத் திறமை கூடக்கூடப் பிளவும் கூடுகிறது என்ற பகுதி எல்லா இடத்திலும் இதே வலுவோடு நிற்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். ஆனால் தனக்கு ஒவ்வாத சான்றைத்தான் மனிதர்கள் துருவிப் பார்க்கிறார்கள் என்பது பழைய சங்கதி. 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களுக்கும் எதிர்க்கும் 24 மாணவர்களுக்கும் இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனை கொலையைத் தடுக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரண்டுமே சோதனைக்காகத் தயாரித்தவை. இரண்டையும் படித்து முடித்த பிறகு, தாங்கள் தொடக்கத்தில் நின்ற பக்கம் இன்னும் நெருங்கிவிட்டதாகவே இரு தரப்பும் சொன்னது. எதிர்த்தரப்பு ஆய்வில் மட்டும் ஓட்டைகள் வரிசையாகக் கண்ணில் பட்டிருந்தன.

இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவர்மீது புள்ளிவிவரத்தை எடுத்து வீசுகிறவர் இதை நினைவில் வைப்பது நல்லது. அவர் வீசுவது சான்று. எதிரே போய் இறங்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது.

ஏன் துப்பாக்கிக்கு மட்டும் இவ்வளவு சூடு? அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் 1791-இல் வந்தது. ஆங்கிலத்தில் மொத்தமே 27 சொற்கள். ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமக்கள் திரளும் குடிப்படைக்கான உரிமையா, தனிமனிதரின் உரிமையா என்று அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கில் முடிவு செய்தது. தனிமனித உரிமையே என்றவர்கள் ஐந்து நீதிபதிகள், அல்ல என்றவர்கள் நான்கு பேர். வாழ்நாள் முழுக்கச் சட்டம் படித்தவர்களே 27 சொற்களில் இப்படிப் பிரிந்தால், நள்ளிரவில் கைப்பேசியோடு மல்லாந்து கிடப்பவர்கள் ஒன்றுபட்டுவிடுவார்களா!

ஆனால் சூட்டுக்குக் காரணம் வாக்கியம் அல்ல. அங்கே துப்பாக்கி, கருக்கலைப்பு, குடியேற்றம், காலநிலை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றில் ஒருவர் நிலைப்பாடு தெரிந்தால் மற்றவற்றையும் ஊகித்துவிடலாம். மூட்டையின் மேல் கட்சியின் பெயர். அது எவ்வளவு கனத்துவிட்டது என்பதை நம்மவர்களுக்கு உடனே விளங்கும் ஓர் அளவுகோலால் சொல்கிறேன்: சம்பந்தம். தன் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவேன் என்று 1960-இல் சொன்ன அமெரிக்கர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். 2010-இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கு. சாதி பார்த்துப் பழகிய நமக்கு இந்த வளைகோடு எங்கே போகும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கட்சி இந்த அளவுக்குச் சொந்தபந்தமாகிவிட்டால், அது சொன்னதுதான் கொள்கை. ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஏழைகளுக்கான நலத்திட்டங்களை மாணவர்களிடம் காட்டினார். தாராளமான திட்டத்தை, வழக்கமாக அதை எதிர்க்கும் குடியரசுக் கட்சி ஆதரிப்பதாகச் சொன்னால் அந்தக் கட்சி மாணவர்கள் அதை ஏற்றார்கள். கஞ்சத்தனமான திட்டத்தைத் தங்கள் கட்சி ஆதரிப்பதாகக் கேட்ட ஜனநாயகக் கட்சி மாணவர்கள் அதையும் ஏற்றார்கள். திட்டத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்தே முடிவெடுத்ததாக இரு சாராரும் நம்பினார்கள்.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது என்பது கஹானின் வாதம், என்னுடையதும். மொன்டானாவில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்து எழுதினால் வாஷிங்டனில் ஒரு சட்டமும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் முகங்கள் மாறும். சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே கட்டுப்பாட்டை எதிர்த்து எழுதுபவருக்கு மதியச் சாப்பாட்டு மேசையில் அதே கதி. தவறான கருத்துக்குக் கிடைக்கும் தண்டனையைவிடத் தன் கூட்டத்துக்கு ஒவ்வாத கருத்துக்குக் கிடைக்கும் தண்டனை பெரிது. கணக்குப் போட்டால் மூளை செய்வது சரிதான்.

இவ்வளவு சுமையோடு இருவர் சந்திக்கும் இடம் ஒரு திரை. அங்கே குரல் இல்லை. கிண்டலும் நிஜமுமான வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்ப வைத்து 2005-இல் ஒரு சோதனை நடந்தது. எது கிண்டல் என்பது படிப்பவருக்கு நிச்சயம் புரியும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்களோ நாணயம் சுண்டிச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் தேறினார்கள். எழுதும்போது நம் காதில் நம் தொனி கேட்கிறது. அதை யாரும் அனுப்புவதில்லை. வேறொரு ஆய்வில், தங்களுக்கு ஒவ்வாத அரசியல் கருத்தை ஒருவர் விளக்குவதைச் சிலர் குரலாகக் கேட்டார்கள், சிலர் எழுத்தாகப் படித்தார்கள். படித்தவர்களின் கண்ணுக்கு, அந்த ஆள் யோசிக்கத் தெரியாதவராக, மனிதத்தன்மை குறைந்தவராகத் தெரிந்தார். கேட்டவர்களுக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

அப்படியானால் நேரில் சாதுவான மனிதர் திரைக்குப் பின்னால் போனதும் பேயாகிறார் என்று முடிவு கட்டத் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர், மைக்கேல் பேங் பீட்டர்சன் இருவரும் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவு வேறு: இணையத்தில் கடித்துக் குதறுகிறவர்கள் நேரிலும் கடிக்கிறவர்கள்தான். வித்தியாசம் என்னவென்றால், அடுத்த தெருக் குழாயடிச் சண்டை நம் காதுக்கு வருவதில்லை. இணையத்தில் ஊரிலுள்ள அத்தனை குழாயடியும் நம் உள்ளங்கையில்.

அதிலும் வடிகட்டி இருக்கிறது, தலைகீழாக. தேசிய அரசியலைப் பற்றி அமெரிக்கர்கள் போட்ட ட்வீட்டுகளில் 97 சதவீதம், பயனர்களில் 10 சதவீதம் பேரிடமிருந்து வந்ததாகப் பியூ ஆய்வு மையம் 2019-இல் கணக்கிட்டது. அந்தச் சிலரின் எழுத்திலும் எது பரவுகிறது? துப்பாக்கி, ஒரே பாலினத் திருமணம், காலநிலை ஆகிய மூன்றையும் பற்றிய 5,63,312 ட்வீட்டுகளை வில்லியம் பிரேடியும் குழுவினரும் 2017-இல் அலசினார்கள். 'வெட்கக்கேடு', 'அக்கிரமம்' போல அறமும் ஆவேசமும் கலந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பரவல் சுமார் 20 சதவீதம் கூடியது. அது பெரும்பாலும் தன் தரப்புக்குள்ளேதான் சுற்றி வந்தது. பிரேடி பின்னால் வேறொரு குழுவோடு இன்னொன்றும் கண்டார். கோபமாக எழுதி லைக் வாங்கியவர் அடுத்த முறை கூடுதல் கோபத்தோடு எழுதுகிறார். யாரும் திட்டமிடாமலே நடக்கும் பயிற்சி இது.

ஆகவே, சண்டை போடுகிறவர் தன் எதிரில் நிற்பது எதிர்க்கட்சியின் மாதிரி மனிதர் என்று நினைக்கிறார். உண்மையில் நிற்பது, பத்தில் ஒருவராகப் பொறுக்கியெடுத்து, கோபத்துக்குப் பரிசு கொடுத்துப் பழக்கிய ஆள். எதிர்த்தரப்பில் எத்தனை பேர் தீவிரமானவர்கள் என்று அமெரிக்கர்களைக் கேட்டால், உள்ளதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சொல்கிறார்கள் என்று மோர் இன் காமன் என்ற அமைப்பு 2019-இல் காட்டியது. இல்லாத பாதிப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு மேலே உள்ள பத்தி ஓரளவு விடை.

எதிர்த்தரப்பின் குரலையும் கேட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சமூகவியலாளர் கிறிஸ் பெயில் இதையும் சோதித்தார். ட்விட்டர் பயனர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர வைத்தார். 2018-இல் வந்த முடிவு: குடியரசுக் கட்சியினர் முன்னைவிடத் தெளிவாக வலப்பக்கம் நகர்ந்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் இடப்பக்கம் துளி நகர்ந்ததுபோல் தெரிந்தாலும் கணக்கில் சேர்க்கும் அளவு இல்லை.

இதற்காக உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று கைகழுவுவதும் தவறு. திருத்தச் சொன்னால் தவறான நம்பிக்கை இன்னும் முறுகும் என்று ஒரு காலத்தில் பரவலாக எழுதப்பட்டது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 பிரச்சினைகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்துத் தேடியும் அந்த முறுகல் அகப்படவில்லை. திருத்தினால் பெரும்பாலோர் திருத்திக்கொள்கிறார்கள். வினோதம் அடுத்த படியில் இருக்கிறது. 2016 கட்சி மாநாட்டு உரையில் குற்றங்கள் பெருகிவிட்டதாக டொனால்ட் டிரம்ப் சொன்னார். நீண்டகாலப் போக்கில் குற்றம் குறைந்திருப்பதை அரசுப் புள்ளிவிவரத்தோடு அவருடைய ஆதரவாளர்களிடம் காட்டியபோது, குற்றத்தைப் பற்றிய தங்கள் எண்ணத்தை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். டிரம்பைப் பற்றிய எண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனம் மாறும் இடங்களும் உண்டு. ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் 'சேஞ்ச் மை வியூ' என்றொரு பகுதி. தன் கருத்தை அங்கே எழுதியவர், அதை மாற்ற வைத்தவருக்குத் தன் கையாலே ஒரு டெல்டா குறி தர வேண்டும். யார் டெல்டா வாங்குகிறார்கள் என்று கார்னெல் ஆய்வாளர்கள் 2016-இல் பார்த்தார்கள். எழுதியவரின் சொற்களையே திருப்பி அடிக்காமல் வேறு சொற்களோடு வந்தவர்கள் வென்றார்கள். மூன்று நான்கு சுற்றுவரை வாய்ப்பு இருந்தது. ஐந்தைத் தாண்டினால் அநேகமாக இல்லை. தன் கருத்தை 'நான்' என்று எழுதுபவர் மாறக்கூடியவர், 'வீ' (we) என்று பன்மையில் எழுதுபவர் மாறாதவர் என்றும் தெரிந்தது. ஆங்கிலத்தில் அது ஒரே சொல். தமிழிலோ நாமா நாங்களா என்று கேட்டுவிடலாம். சண்டையில் வருவது பெரும்பாலும் 'நாங்கள்'தான்.

நேரில் நடந்த கதை இன்னும் சுவையானது. வீடு வீடாகச் சென்று இருபது நிமிடம் பேசினால் ஒரே பாலினத் திருமணம் பற்றிய கருத்து மாறுகிறது, பேசுபவரே ஓர்பாலீர்ப்பினராக இருந்தால் அது நீடிக்கிறது என்று 2014-இல் ஒரு கட்டுரை பிரபலமானது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதே பாணியில் தாங்களும் செய்ய இறங்கினார்கள். எண்கள் உதைத்தன. தரவு புனையப்பட்டது என்று அம்பலமாகி, 2015-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதோடு விடாமல் அவர்கள் மயாமியில் தங்கள் சோதனையை முடித்தார்கள். திருநர்கள் பற்றிப் பத்து நிமிடப் பேச்சு: மற்றவர்கள் உங்களை வித்தியாசமாகப் பார்த்து எடைபோட்ட ஒரு நேரம் நினைவிருக்கிறதா என்று கேட்பது, சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது. வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது. பேசியவர் திருநரா இல்லையா என்பது பொருட்டாக இருக்கவில்லை. பொய்க் கட்டுரை சொன்ன முறை மெய், அதில் சொன்ன காரணம் பொய்!

2020-இல் இருவரும் அந்தப் பேச்சைப் பிரித்துப் பார்த்தார்கள். கதைப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதங்களை மட்டும் வைத்துப் பேசியபோது, விளைவு காணாமல் போனது.

இதற்கு நேர் எதிராக 2024-இல் ஒன்று வந்தது. ஏதாவது ஒரு சதிக் கோட்பாட்டை நம்பும் அமெரிக்கர்களைச் செயற்கை நுண்ணறிவோடு மூன்று சுற்றுப் பேச வைத்தார்கள். 2020 தேர்தலில் மோசடி என்பதும் அந்தக் கோட்பாடுகளில் ஒன்று. இயந்திரம் கதை பேசவில்லை. அவரவர் சொன்ன காரணத்துக்கே ஆதாரத்தோடு பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் இறங்கி, இரண்டு மாதம் கழித்தும் ஏறவில்லை. வேடிக்கை பார்க்க ஆளில்லாத அறையில் வாதம் எடுபடுகிறது என்று இதை வாசிக்கலாம். எனக்கு அது பாதி விடையாகத்தான் படுகிறது. மயாமியில் பேச்சு ஒரு கூட்டத்து மனிதர்களைப் பற்றியது, இங்கே நடந்ததா இல்லையா என்ற ஒரு செய்தியைப் பற்றியது. டிரம்ப் ஆதரவாளர்களும் குற்றக் கணக்கைத் திருத்திக்கொண்டவர்கள்தானே. மோசடி நம்பிக்கை தளர்ந்தவர் அடுத்த தேர்தலில் எந்தப் பெயருக்கு நேரே குறியிட்டார் என்பது, அந்த ஆய்வு கேட்ட கேள்வியே அல்ல.