ஐசோலேட்டரில் அந்தச் சின்ன ஓட்டை எதற்கு?

திங்கள்சந்தையில் நான் வருடக்கணக்காக வயரிங் வேலைக்குப் போகும் வீடு ஒன்று உண்டு. போன மாதம் அந்த வீட்டு அக்கா போனை நீட்டி, "தம்பி, மக இங்கிலாந்துல இருந்து அனுப்பியிருக்கா, இது என்னன்னு பாத்துச் சொல்லு" என்றார்கள். மகள் அங்கே நர்ஸ். புதிதாக வாங்கிய வீட்டில் சுவரில் மாட்டிய ஒரு பாய்லரின் படம் அது.

குளிர்நாடு என்பதால் அங்கே பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் இருக்கும். தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பி வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும். இந்த வீட்டில் இருந்தது கொஞ்சம் அபூர்வமான வகை. உள்ளே சின்ன ஸ்டெர்லிங் எஞ்சின் ஒன்று, கேஸ் எரிகிற சூட்டிலேயே ஓடி ஏறக்குறைய 1 கிலோவாட் மின்சாரமும் கொடுக்கும். சர்வீஸுக்கு வந்தவர் மூடியைத் திறக்காமலேயே திரும்பிப் போய்விட்டாராம். பூட்டுப் போடக்கூடிய ஐசோலேட்டர் (மின்சாரத்தை முழுக்கப் பிரித்து வைக்கும் ஸ்விட்ச்) இல்லை, அதை மாட்டி வையுங்கள், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மகளுக்கு இரண்டு சந்தேகம்: "பக்கத்துல ஸ்விட்ச் இருக்கே மாமா, அத ஆஃப் பண்ணினா போதாதா? அப்படியே வாங்கினாலும் எத்தனை ஆம்பியர் வாங்கணும்?"

திரும்பிப் போனவர் செய்தது முழுக்கச் சரி. மிக்சியோ ஃபேனோ மின்சாரத்தை வாங்க மட்டும்தான் செய்யும். ஸ்விட்சை அணைத்தால் கதை முடிந்தது. மின்சாரம் தயாரிக்கும் பொருள் அப்படியல்ல. மெயினிலிருந்து அதற்கு ஒரு வழி வருகிறது, அதிலிருந்து மெயினுக்கும் அதே வழிதான் போகிறது. வேலை செய்கிறவர் இரண்டு பக்கமும் செத்துக் கிடக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கை வைக்க முடியும். அவர் பாய்லருக்குள் தலையை விட்டிருக்கும்போது மாடியில் இருக்கும் ஒருவர் "வெந்நீர் வரலியே" என்று வந்து ஸ்விட்சைப் போடலாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத கைதான் பெரும்பாலும் அந்த ஸ்விட்சைப் போடுகிறது.

ஆம்பியர் கேள்வி எளிது. 1000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் நாலே சொச்சம் ஆம்பியர். 20 ஆம்பியர் ஐசோலேட்டர் தாராளம். ஆனால் ஆம்பியரோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் தப்பான பொருள்தான் கைக்கு வரும். ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் வகை வேண்டும், ஆஃப் நிலையில் பூட்ட முடிய வேண்டும், பாய்லருக்கு என்று தனி சர்க்யூட்டில் வேண்டும், சர்வீஸ்காரர் கண்ணில் படுகிற இடத்தில் வேண்டும். அங்கே அதைப் பதிவு பெற்ற உள்ளூர் ஆளை வைத்து மாட்டி, மின்கம்பெனிக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த பாய்லர் நமக்குத் தேவைப்படாது. ஆனால் மின்சாரம் தயாரிக்கும் பொருள் நம் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளுக்கும் வந்தாயிற்று. 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் தொடங்கி, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆன பிறகு கூரையில் சோலார் வைக்க நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜெனரேட்டர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒக்கி புயல் அதைப் பல வீடுகளுக்குக் கொண்டுவந்தது.

2017 நவம்பர் 30-ஐ நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. ரப்பரும் தென்னையும் கம்பி மேலேயே சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்கு அப்போது போயிருந்தேன். தெரு முழுக்க இருட்டு, அந்த வீட்டில் மட்டும் லைட் எரிகிறது. வாடகைக்கு எடுத்த பெட்ரோல் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர், இரண்டு முனையிலும் மூன்று முள் பிளக், ஒன்றை ஹாலில் இருந்த சாக்கெட்டில் குத்தியிருந்தார்கள். "மெயினை ஆஃப் பண்ணியாச்சு அண்ணே, பயப்படாதீங்க" என்றார் வீட்டுக்காரர். மெயின் மாடிப்படிக்கு அடியில். பூட்டும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நான் குனிந்து டார்ச் அடித்தபோது அவருடைய ஏழெட்டு வயதுப் பையன் பக்கத்தில் வந்து நின்று, "கரண்ட் வந்துட்டான்னு போட்டுப் பாக்கவா?" என்று கையை நீட்டினான். நூறு அடி தள்ளி போஸ்ட்டில் லைன்மேன் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மெயினை யாராவது ஆன் செய்திருந்தால் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரிவதில்லை. தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. நம் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால் அதே டிரான்ஸ்பார்மர் அதை ஏற்றி மேல் கம்பிக்கு அனுப்பும், பத்தாயிரம் வோல்ட்டை ஒட்டி. லைனை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஏறினோம் என்று நம்பி நிற்கிற மனிதர் மேலே இருக்கிறார். அந்த வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்த்தேன். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது) போடாமல் ஓட்டவே கூடாது.

சோலார் இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), லைனில் கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். உண்மைதான், நல்ல இன்வெர்ட்டர் அப்படித்தான் செய்யும். ஆனாலும் மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு இணைப்பு விதிகள் அதோடு விடவில்லை. கையால் இயக்கும் ஐசோலேட்டர் தனியாக இருக்க வேண்டும், பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆஃபில் பூட்ட முடிய வேண்டும், மின்வாரிய ஆள்கள் எந்த நேரமும் போய்த் தொடக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. பெட்டியைப் படுக்கையறைக்குள் மாட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் ராத்திரி வருகிற லைன்மேன் என்ன செய்வார்?

சரி, கடையில் எதைப் பார்த்து வாங்குவது? குளச்சலில் நான் பார்த்த ஒரு பெட்டியைச் சொன்னால் புரியும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கைப்பிடி ஆஃபில் நிற்கிறது. பூட்டுப் போட ஓட்டை இருந்தது, பூட்டும் போட்டேன். பழக்கத்தில் மல்டிமீட்டரை வைத்தால் 230 காட்டுகிறது. திறந்து பார்த்தேன். டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு, ஒரு போலின் கான்டாக்ட் (உள்ளே தொட்டுப் பிரியும் உலோகத் துண்டு) உருகி ஒட்டிக் கிடந்தது. கைப்பிடிக்கும் உள்ளே இருக்கும் தண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தேய்ந்து, கைப்பிடி மட்டும் சும்மா சுற்றியிருக்கிறது. பூட்டு மாட்டிய ஓட்டை மூடியில் இருந்ததே தவிர, கான்டாக்ட்டோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

உண்மையான ஐசோலேட்டரில் அந்தச் சின்ன ஓட்டைக்கு இன்னொரு வேலை உண்டு. கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கைப்பிடி ஆஃப் வரை போகாது, பூட்டும் உள்ளே நுழையாது. பூட்டு விழுந்தது என்றாலே உள்ளே பிரிந்துவிட்டது என்று அர்த்தம் வரும்படி செய்திருப்பார்கள். ஐஎஸ்/ஐஇசி 60947-3 என்ற தர எண் பொருளின் மேலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், அட்டைப்பெட்டியில் இருந்தால் போதாது. கூடவே ஏசி-22 அல்லது ஏசி-23 என்று இருக்கும். ஏசி-20 என்று இருந்தால் வேண்டாம், அது லோடு ஓடாதபோது பிரிக்க மட்டும்தான், ஓடுகிற மின்சாரத்தை வெட்டப் போனால் பொறி பறக்கும். ஆன் நிலையிலும் பூட்ட முடிகிற பெட்டியையும் வாங்காதீர்கள். ஆபத்து நேரத்தில் அணைக்க முடியாமல் போகும்.

பேனல் பக்கம் வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம்; வீட்டு லைனில் வருவது ஏசி, திசை மாறி மாறி ஓடும். இங்கே நான் கடுமையாகவே சொல்வேன்: ஏசி ஐசோலேட்டரை டிசியில் போடாதீர்கள். ஏசி மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், அந்த இடைவெளியில் பொறி அணைந்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. கான்டாக்ட் விலகினாலும் பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி உருகும். டிசி-பிவி1 அல்லது டிசி-பிவி2 என்று குறித்ததாக, உங்கள் பேனல் வரிசையின் முழு வோல்ட்டேஜையும் தாங்குவதாக வாங்குங்கள். டிசி எம்.சி.பி. (தானாக ட்ரிப் ஆகும் ஸ்விட்ச்) சிலவற்றில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலே எரிந்துபோகும். ஐசோலேட்டரைப் பூட்டிய பிறகும் வெயில் இருக்கும் வரை பேனலிலிருந்து அது வரைக்கும் வருகிற வயரில் உயிர் இருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் வீடு என்றால் ஐபி65-க்குக் (தூசியும் தண்ணீரும் புகாத அளவு) குறையாத பெட்டி, வயர் கீழ்ப்பக்கமாக உள்ளே போகிற மாதிரி, வயர் நுழையும் ஓட்டையை அடைக்கும் கிளாண்டு இறுக்கி. நமக்கு இரண்டு மழைக்காலம், அதோடு உப்புக்காற்று. இரும்புப் பூட்டு ஒரு வருடத்தில் இறுகிப் போய்ச் சாவி உடையும். பித்தளை உடம்பும் எவர்சில்வர் வளையமும் உள்ள பூட்டாக வாங்குங்கள். ஐசோலேட்டரின் ஓட்டையை அளந்துகொண்டு போய் வாங்குங்கள், பெரிய கதவுப்பூட்டு அதில் நுழையாது.

பூட்டிய பிறகும் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு சாக்கெட்டில் வைத்து வேலை செய்கிறதா என்று பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் வை, மறுபடி அந்தச் சாக்கெட்டில் வை. என்னோடு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்க விடமாட்டேன். இன்வெர்ட்டர் என்றால் அதன் மேல் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டும், உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும்.

மகளுக்குப் பதில் அனுப்பிவிட்டு, அந்த அக்கா வீட்டு மொட்டைமாடிப் படியில் இருக்கும் சோலார் பெட்டியையும் ஒருமுறை பார்த்தேன். வேறு யாரோ மாட்டியது. ஐசோலேட்டர் நல்லதுதான், கைப்பிடியில் ஓட்டையும் இருந்தது. பூட்டு மட்டும் இல்லை. சந்தையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்து, ஆஃப் செய்து மாட்டிப் பார்த்தேன், நுழைந்தது. மீட்டரும் பூஜ்யம் காட்டியது. கழற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கவிட்டு, "இரண்டு பக்கமும் மின்சாரம் வரும்" என்று ஒரு தகட்டில் எழுதி ஒட்டினேன்.

"சாவிய நான் அலமாரில எடுத்து வைக்கட்டா தம்பி?"

"பூட்டுலயே இருக்கட்டும் அக்கா. யாரு வேலைக்கு வாறாவளோ, அவங்க பூட்டிட்டு அவங்க பாக்கெட்டுல போட்டுக்கிடட்டும். வேல முடியுற வர நீங்க கேட்டாலும் குடுக்கக்கூடாது."