டூ எக்ஸ் வேகத்தில் ஆசிரியர் ஏன் கீச்சிடுவதில்லை?

கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். "நான் எல்லா வகுப்பு வீடியோக்களையும் டூ எக்ஸில்தான் பார்க்கிறேன். பேச்சு வேகமாகிறது, குரல் மட்டும் மாறுவதே இல்லை. அப்பா காலத்தில் டேப் ரெக்கார்டரை வேகமாக ஓட்டினால் எல்லாரும் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடுவார்களாம். இப்போது ஏன் அப்படி ஆவதில்லை? இன்னொன்றும் கேட்க வேண்டும். 0.5இல் வைத்தால் மட்டும் எல்லா ஆசிரியரும் குடித்துவிட்டுப் பேசுவது போல இருக்கிறதே, அது ஏன்?"

டிஜிட்டல் தொழில்நுட்பம் மாணவர் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று கேட்டால், ஆன்லைன் தேர்வு, டேப்லெட், செயற்கை நுண்ணறிவு என்று அடுக்குவார்கள். நான் வீடியோவின் மூலையில் இருக்கும் அந்த வேகப் பொத்தானைத்தான் முதலில் சொல்வேன். வகுப்பறையில் நேரம் என்பது ஆசிரியருடையது. அவர் ஓடினால் நாமும் ஓட வேண்டும். அவர் இழுத்தால் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். "சார், இன்னொரு தடவை" என்று கேட்க எழுந்து நிற்கும் துணிச்சல் எனக்குக் கடைசி வரை வரவில்லை. நிறுத்துவதும் பின்னால் ஓட்டுவதும் காசெட் காலத்திலேயே உண்டு. குரலைக் கெடுக்காமல் ஒருவரை வேகமாகப் பேச வைப்பதுதான் சாதாரண மாணவர் கைக்குப் புதிதாக வந்த அதிகாரம்.

முதலில் அப்பாவின் எலிக்குஞ்சு. காசெட்டில் ஒரு விநாடிப் பேச்சு சுமார் 4.76 சென்டிமீட்டர் நாடாவில் பதிந்திருக்கும். நாடாவை இரு மடங்கு வேகத்தில் இழுத்தால், விநாடிக்கு 110 முறை அதிர்ந்த குரல் 220 முறை அதிரும். ஸ்ருதி சரியாக ஒரு ஸ்தாயி ஏறும். அதோடு நின்றிருந்தால் ஆண் குரல் ஏறக்குறைய பெண் குரலின் உயரத்துக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் ஒத்ததிர்வுகளும் கூடவே இரட்டிப்பாகின்றன. பாதி நீளத் தொண்டை உள்ள ஏதோ ஒரு ஜீவன் பேசுகிறது என்று காது முடிவு கட்டிவிடுகிறது. ஆக, எலிக்குஞ்சு என்பது நல்ல அறிவியல் வர்ணனைதான்.

இனி மகளின் வீடியோ. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

"ஆ" என்று சொல்லிப் பாருங்கள். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் சொன்னால் போதும். குரல்நாண் விநாடிக்கு 110 முறை அதிர்வதாக வைத்துக்கொண்டால், அந்தச் சின்ன "ஆ"வுக்குள் 22 அதிர்வுகள் இருக்கும். அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்றைப் போலவே இன்னொன்று, அச்சடித்த மாதிரி 22 அலைகள் வரிசையாக நிற்கும். இவற்றில் 11 அலைகளைப் பிடுங்கிவிட்டு மிச்சத்தை நெருக்கி ஒட்டினால் என்ன ஆகும்? ஒவ்வோர் அலையும் பழைய அகலத்திலேயே இருப்பதால் ஸ்ருதி மாறாது. நேரம் மட்டும் பாதியாகும். "ஸ்" போன்ற உரசொலிகளில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் அலை இல்லை, வெறும் இரைச்சல்தான். அங்கே இன்னும் சுலபம்: மழைச் சத்தத்தில் பாதியை வெட்டி எறிந்தாலும் மிஞ்சுவது மழைச் சத்தம்தான்.

நாம் பேசுவதில் பெரும்பகுதி, சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பது. (கூட்டங்களில் நடப்பதைச் சொல்லவில்லை, மில்லி விநாடிக் கணக்கில் சொல்கிறேன்.)

மென்பொருளுக்கு "ஆ" தெரியாது, "ஸ்" தெரியாது. அதன் கையில் இருப்பது விநாடிக்கு 48,000 எண்கள்; ஒவ்வொன்றும் அந்தந்தக் கணத்தில் அலையின் உயரம், நடுக்கோட்டுக்கு மேலே என்றால் மிகை எண், கீழே என்றால் குறை எண். அது 20 மில்லி விநாடித் துண்டுகளாக, அதாவது 960 எண்களாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. முதல் துண்டை வைக்கிறது. மூலத்தில் 20 மில்லி விநாடி தள்ளி அடுத்த துண்டை எடுக்கிறது; வைக்கும்போது 10 மில்லி விநாடி மட்டும் தள்ளி, முந்தைய துண்டின் பின்பாதிமேல் சாத்தி வைக்கிறது. எடுக்கும் இடம் 20 நகர, வைக்கும் இடம் 10 நகருகிறது. டூ எக்ஸ் வந்துவிட்டது!

வந்தது, ஆனால் கேட்கச் சகிக்காது. ஒரு துண்டின் முகடு, அதாவது அலையின் மேடு, மற்றதன் அகட்டின்மேல், அதாவது பள்ளத்தின்மேல், விழும் இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் தொண்டை கட்டியவர் போலக் கரகரக்கும்.

கட்டம் போட்ட துணியைத் தைக்கும் தையல்காரரைக் கவனித்திருப்பீர்கள். கோடு கோட்டோடு சேரும்வரை துணியை அரை விரல் இப்படி, அரை விரல் அப்படி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை இறக்குவார். மென்பொருளும் அதையே செய்கிறது. ஆனால் தையல்காரருக்குக் கண் இருக்கிறது. இதற்கு வெறும் எண்கள். கோடு சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

பெருக்கிக் கூட்டினால் தெரியும். இரண்டு துண்டுகளின் எண்களையும் வரிசையாக ஜோடி சேர்த்துப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முகடு முகட்டோடு சேர்ந்தால் மிகை எண்ணை மிகை எண்ணால் பெருக்குகிறோம், விடை மிகை. அகடு அகட்டோடு சேர்ந்தால் குறையைக் குறையால் பெருக்குகிறோம், அதுவும் மிகை. முகடும் அகடும் மோதினால்தான் விடை குறை எண். ஆகவே அடுத்த துண்டைச் சில மில்லி விநாடி முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் கூட்டுத்தொகை உச்சமோ அங்கே வெட்டினால் போதும். எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் நுட்பம். பிரஸ்ஸல்ஸில் வெர்ஹெல்ஸ்ட், ரூலண்ட்ஸ் என்ற இருவர் 1993இல் சொன்ன வழி இது: ஏற்கெனவே வைத்த துண்டை வெட்டாமல் விட்டிருந்தால் அடுத்து இயல்பாக என்ன வந்திருக்குமோ, அதைப் போலவே இருக்கும் துண்டைத் தேடு. வெட்டு விழுந்ததே காதுக்குத் தெரியாது. டபிள்யூசோலா என்று அழைக்கப்படும் இந்த முறைதான் இன்று குரோம் உலாவிக்குள் உட்கார்ந்து உங்கள் ஆசிரியரைத் தைத்துக்கொண்டிருக்கிறது.

தையலின் ஓரத்தையும் பார்த்துவிடுவோம். ஒன்றன்மேல் ஒன்று சாயும் பாதியில் பழைய துண்டு மெல்லத் தேய வேண்டும், புதியது மெல்ல வளர வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்த அளவு எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் ஏறி இறங்கும். தேய்வதற்கு ஒரு வளைவு, வளர்வதற்கு ஒரு வளைவு, கூட்டினால் எந்த இடத்திலும் ஒன்று. அப்படி ஒரு ஜோடியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். சைன் வர்க்கம் கூட்டல் கொசைன் வர்க்கம் சமம் ஒன்று. "இதெல்லாம் எங்கே சார் பயன்படும்?" என்று கேட்டவர்கள், விநாடிக்கு 100 முறை அதன் தயவில்தான் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த யோசனை கணினியோடு பிறந்ததில்லை. 1950இல் ஜார்ஜ் மில்லர், லிக்லைடர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பேச்சொலியை ஒரு சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக விட்டுவிட்டு ஒலிக்கவிட்டார்கள். விநாடிக்குப் பத்து முறை என்ற அளவில் அணைத்து அணைத்துப் போட்டு, பாதி ஒலியைத் தூக்கி எறிந்தபோதும் பெரும்பாலான சொற்கள் புரிந்தன. பாதி தேவையில்லை என்றால் அந்த இடைவெளிகளை மூடிவிடலாமே? கார்வி என்பவர் 1953இல் நாடாவைக் கையால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பார்த்தார். அந்தப் பொறுமையை நினைத்தாலே எனக்கு விரல் வலிக்கிறது. அடுத்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபேர்பாங்க்ஸ் குழு, சுழலும் தலைகள் வைத்த டேப் இயந்திரத்தில் அதைத் தானாக நடக்க வைத்தது. 1960களில் பார்வையற்ற மாணவர்கள் பாடங்களை வேகமாகக் கேட்க இது உதவுமா என்று சோதித்தார்கள். நீங்கள் இன்று தட்டும் பொத்தானை வேறு மாணவர்கள் உங்களுக்கு முன்பே அழுத்திப் பார்த்துவிட்டார்கள்.

"பேச்சை அணைத்து அணைத்துப் போட்டால் என்ன ஆகும்?" என்ற தலைப்பில் இன்று ஒரு இளம் ஆய்வாளர் நிதி கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். "உடனடிப் பயன்" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். மில்லர் பிறகு 1956இல், மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடிய உருப்படிகள் ஏழு, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எழுதிப் புகழ்பெற்றார். லிக்லைடர் 1962இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமைக்குப் போய், பின்னாளில் இணையமாக வளர்ந்த கணினி வலைக்கு விதை போட்டார். அந்த வீடியோ உங்களிடம் வந்து சேரும் வழியும், ஒரே நேரத்தில் தலையில் எவ்வளவு நிற்கும் என்ற புகழ்பெற்ற கணக்கும், அந்தச் சுவிட்சைப் போட்டு அணைத்த இரண்டு பேரிடமிருந்து வந்தவை. கட்டங்களை நிரப்பச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

தமிழில் கேட்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் புதிர் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. டூ எக்ஸில் "பாடம்" என்ற சொல்லின் "பா", சாதாரண வேகத்தில் "ப"வுக்குரிய நேரத்தில் முடிந்துவிடும். அப்படியானால் இயற்பியல் ஆசிரியர் "பாடம்" என்னும்போதெல்லாம் "படம்" என்றுதானே கேட்க வேண்டும்? "கன்னி" எல்லாம் "கனி" ஆகிவிட வேண்டுமே? ஆவதில்லை. காது கடிகாரம் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்து எழுத்துகளோடு ஒப்பிட்டே நீளத்தை அளக்கிறது. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கியிருப்பதால் நெடில் நெடிலாகவே நிற்கிறது. கண்ணிமைப்பும் கைநொடியும்தான் மாத்திரைக்கு அளவு என்று நம் இலக்கணத்தார் சொன்னார்கள். வேகமாகப் பேசுகிறவருக்கு வேகமாக இமைக்கும் ஒரு கண் என்று அதற்கு நான் உரை எழுதிக்கொள்கிறேன்.

மனிதர்கள் தாமே வேகமாகப் பேசும்போது இந்த விகிதம் குலைகிறது; உயிரெழுத்துகளை அதிகம் குறுக்குவோம், மெய்களை மென்று விழுங்குவோம். ஆகவே அவசரமாகப் பேசியவரைவிட, நிதானமாகப் பேசி இயந்திரத்தால் சுருக்கப்பட்டவரே தெளிவாகப் புரிகிறார்.

எத்தனை மடங்குவரை போகலாம்? மூன்று மடங்கை நெருங்கும்போது சொற்கள் உதிரத் தொடங்குகின்றன. காது தோற்றுப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2009இல் கிட்ஸா, கிரீன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை அந்த எண்ணத்தைக் கவிழ்த்தது. மூன்று மடங்கு சுருக்கிய பேச்சை 40 மில்லி விநாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் 80 மில்லி விநாடி வெறும் மௌனத்தைச் செருகினார்கள். ஒலியில் புதிதாக ஒரு தகவலும் சேரவில்லை. ஆனால் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. காதுக்குள் எல்லாம் போய்க்கொண்டுதான் இருந்தது. வந்த கவளத்தை விழுங்க மூளைக்குத்தான் அவகாசம் கிடைக்கவில்லை. பேச்சின் நடுவே வரும் மௌனங்களைத் தானாக வெட்டி நேரம் மிச்சம் பிடிக்கும் செயலிகளை எனக்குப் பிடிக்காமல் போனது இதைப் படித்த பிறகுதான்.

படிப்பு என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியான ஆய்வில், 1.5, 2 மடங்கு வேகத்தில் பார்த்த மாணவர்களின் மதிப்பெண் சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிடப் பெரிதாகக் குறையவில்லை, 2.5இல்தான் சரிந்தது. டூ எக்ஸில் ஒரு முறை, ஒரு வாரம் கழித்துத் தேர்வுக்குச் சற்று முன் மறுபடி ஒரு முறை என்று பார்த்தவர்கள், நிதானமாக ஒரே முறை பார்த்தவர்களை முந்தினார்கள். ஆனால் அவர்கள் பார்த்தவை பேசியே விளக்கிச் செல்லும் காணொளிகள். பலகையில் ஒரு தேற்றத்தை வரிவரியாக நிறுவும் வகுப்புக்கும் இதுவே பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டே சிலர் கடை விரிக்கிறார்கள். வேகமாகக் கேட்டால் மூளையின் உறங்கும் பகுதி விழிக்கும், இந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே தூங்கினால் பாடம் மனப்பாடமாகும், உங்கள் பிள்ளை "செவி வழி கற்பவர்" என்பதால் இந்தப் பயிற்சிதான் ஏற்றது என்றெல்லாம். கற்கும் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்ற கடைசிக் கூற்றுக்குப் போதுமான சான்று இல்லை என்று 2008இலேயே உளவியலாளர்கள் விரிவாக அலசி எழுதிவிட்டார்கள். தாயத்தைக் கழற்றி எறிந்த வீட்டில் ஹெட்போனைத் தாயத்தாக மாட்டுவானேன்?

கடைசியாக அந்தக் குடிகார ஆசிரியர். 0.5இல் மென்பொருள் எதையும் வெட்டுவதில்லை. ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை பயன்படுத்துகிறது. "ஆ"வில் 22 அலைக்குப் பதில் 44, நன்றாகவே இருக்கும். ஆனால் நாம் நிதானமாகப் பேசும்போது உயிரெழுத்தையும் இடைவெளியையும்தான் நீட்டுகிறோம். "ட்" என்று நாக்கு விடுபடும் அந்தக் குட்டி வெடிப்பை யாராலும் நீட்ட முடியாது. இயந்திரத்துக்கு அந்த விவஸ்தை இல்லை. வெடிப்பு சில சமயம் இரண்டு முறை கேட்கும். ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்கு நாக்கு தாவும் தாவல், வழுக்கிக்கொண்டு போவதாக மாறும். நாக்கு குழறுகிறவர் பேச்சில் கேட்பதும் அதே வழுக்கல்தான்.

"ஸ்"ஸும் இங்கே காலை வாரும். மழைச் சத்தத்தை வெட்டலாம், நகலெடுக்க முடியாது. ஒரே இரைச்சல் துண்டை அடுத்தடுத்து ஒட்டினால் அதில் இல்லாத ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஒழுங்கு வந்ததும் காது அதை ஸ்ருதியாகக் கேட்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 0.5இல் "ஸ்" வரும் இடங்களை மட்டும் கவனியுங்கள். அடியில் மெல்லிய உலோக ரீங்காரம் ஒன்று ஓடும். அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் டேப்பில் இது ஒருநாளும் கேட்டிருக்காது.