காரிஸ்: கிருபையா, அருளா?

தமிழ்க் கிறித்தவர் கிருபை என்றும் அருள் என்றும் சொல்லும் கருத்துக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் காரிஸ் என்பதாகும். மகிழ்தலைக் குறிக்கும் 'காய்ரெய்ன்' என்னும் வினையோடு உறவுடைய இச்சொல், கண்டார் மகிழும் எழிலையும், மனமுவந்து செய்யும் உதவியையும், அதைப் பெற்றவர் காட்டும் நன்றியையும் பழங்கிரேக்கத்தில் ஒருங்கே குறித்தது. உதவியைப் பெற்றவர் கைம்மாறு செய்ய வேண்டும் என்பதும் அங்கே எழுதாச் சட்டம்.

புதிய ஏற்பாட்டு மடல்கள் பலவற்றை எழுதிய திருத்தூதர் பவுல் இச்சொல்லைத் தகுதி பாராத கொடைக்கே உரியதாக்கினார். உழைத்தவனுக்குக் கொடுப்பது கூலி. அது காரிஸ் ஆகாது, கொடுத்தே தீர வேண்டிய கடன் என்பது உரோமையருக்கு அவர் எழுதிய மடலின் (4:4) வாதம். இலத்தீனில் இது 'கிராத்சியா' ஆயிற்று. விலையின்றி என்று பொருள்படும் 'கிராத்திஸ்' அதன் உறவுச்சொல்லே என்பதை இலத்தீன் இறையியலாளரான ஆயர் அகுஸ்தினார் விடாமல் பற்றிக்கொண்டார். மனிதர் தம் சொந்த முயற்சியாலேயே நன்னெறியில் நிற்க இயலும் என்ற பெலாஜியுவுக்கு மறுப்பாக, நல்லதை விரும்பும் மனமே இறைவன் தருவது என்று அவர் வாதிட்டார். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுவின் கொள்கையை மறுத்தது. 'அவன் அருளாலே அவன் தாள் வணங்கி' என்ற திருவாசக அடியை அறிந்தவர்க்கு இவ்வாதம் முற்றிலும் புதிதன்று.

தமிழில் கிருபை வடமொழி 'க்ருபா'விலிருந்து வந்தது. இரங்குதலே அதன் உயிர்ப்பொருள். ஆனால் இரக்கத்துக்குக் கிரேக்கத்தில் 'எலெயோஸ்' என்ற தனிச்சொல் உண்டு. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் வாழ்த்தில் (1:2) இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன. 'அருள்' என்பதிலும் இரக்கம் கலந்திருப்பது உண்மைதான். எனினும் 'அருளினான்' என்றால் 'கொடுத்தான்' என்றே பொருள்படுவதால், பண்பும் கொடையும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. அன்பு தொடர்புடையார் மேல் செல்வது, அருள் தொடர்பு பாராது எல்லா உயிர் மேலும் செல்வது என்று குறள் உரையாசிரியர் வகுத்த வேறுபாடும் பவுலின் கருத்துக்கு அணுக்கமானது. ஆகவே 1995இல் கத்தோலிக்கருக்கும் பிற சபையினருக்கும் பொதுவாக வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அருளைக் கொண்டதே பொருத்தம் என்பேன்.

ஒன்றை மட்டும் இழந்தோம். 'அருள் நிறைந்த மரியே' என்று இன்று செபிக்கும் கத்தோலிக்கரின் முன்னோர் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்றனர். வடசொல்லே ஆயினும், பிரியத்தோடு தரப்பட்டது என்று விரியும் அதில் காரிஸ் என்பதன் மகிழ்ச்சியும் கொடையும் இரண்டுமே இருந்தன.