தோட்டா கழுத்தைக் கடையறப்போ துல்லியம் எங்கேர்ந்து வருது?

என் நண்பர் ஒருத்தர் ரைஃபிள்ல டார்கெட் சுடறவர், சுட்டு முடிச்ச பித்தளை கேஸை (தோட்டாவோட கூடு) எடுத்து அவரே திரும்ப லோட் பண்ணிக்குவார். இப்பத்தான் முதல் தடவையா நெக் டர்னிங் கருவி, அதாவது புல்லட்டைப் பிடிக்கற கேஸ் கழுத்தை வெளிப்பக்கமா சீவற கருவி, வாங்கி ஒரு கேஸைக் கடைஞ்சிருக்கார், உடனே எனக்கு போட்டோ. "ஒரு பக்கம் பளபளன்னு ஆயிடுச்சு, எதிர் பக்கம் கட்டரே படல, நான் கோணலா பிடிச்சுட்டேனா?"

இல்ல, கை சரியாத்தான் இருந்திருக்கு. கோணல் பித்தளையில.

கேஸ் எப்படி செய்றாங்கன்னு பாத்தா காரணம் புரியும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் சேர்ந்த பித்தளைத் தகட்டை கிண்ணம் மாதிரி அமுக்கி, பஞ்ச் வச்சு அச்சுக்குள்ள பல தடவை இழுத்து நீட்டுவாங்க, நடுநடுவுல சூடு காட்டி இளக வைப்பாங்க. பஞ்ச் மையத்துலேர்ந்து துளி விலகினாலும் குழாயோட சுவர் ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் மெலிசு. கழுத்துச் சுவர் பல கேஸ்கள்ல சுமாரா 0.38 மில்லிமீட்டர்தான், லேத் பட்டறை பாஷையில 15 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), அதுல ரெண்டு தௌ வித்தியாசம்கிறது சின்ன விஷயம் இல்ல. ஒரு பக்கம் 0.05 மி.மீ தடிப்பா இருந்தா அதுக்குள்ள உக்கார்ற புல்லட்டோட மையம் அதுல பாதி, 0.025 மி.மீ, தள்ளிப் போயிடும், பிடியும் சுத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வரேன். லேத்ல கடையறப்போ பொருளைப் பிடிச்சுச் சுத்தற சக் எவ்வளவு நேரா சுத்துதுங்கறதுதான் உயிர், அது ஆடுச்சுன்னா வேலை போச்சு. ஆனா இந்தக் கருவிய கையில பிடிச்சு, கேஸையும் கையாலயே திருப்பி, ஒரு தௌல பத்துல ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் எடுக்கறாங்க. எப்படி?

ஒரு துணிய பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு இழுத்துப் பாருங்க, கை ஆடினாலும் எங்க தடிப்பு எங்க மெலிசுன்னு விரலுக்குத் தெரிஞ்சிடும், ஏன்னா விரல் ரெண்டும் பாக்கறது நடுவுல இருக்கற இடைவெளிய மட்டும்தான், துணி எங்க போகுதுங்கறத இல்ல. அதேதான் இங்கயும். கழுத்துக்கு உள்ள பைலட்னு ஒரு உருளைக் கம்பி, வெளிய ஒரு கட்டர், ரெண்டும் ஒரே உடம்புல இறுக்கமா பூட்டியிருக்கு, பித்தளைச் சுவர் அந்த இடைவெளிக்குள்ள சுத்தி வரணும், அளவுக்கு மேல இருக்கறது சுருள் சுருளா உதிரும். கேஸ் கொஞ்சம் ஆடினாலும் இடைவெளி மாறாது. அளவை முடிவு பண்றது சுத்தறது இல்ல, இடைவெளி!

ஆனா இதுக்கு கழுத்தோட உள்பக்கம் ஒழுங்கான உருளையா இருக்கணும். அதனாலதான் கடையறதுக்கு முன்னாடி கழுத்தை விரிக்கற கம்பி, எக்ஸ்பாண்டர் மேண்ட்ரலை, உள்ள விட்டு எடுக்கறோம். அது உள்பக்க மேடு பள்ளத்தையெல்லாம் வெளிப்பக்கத்துக்குத் தள்ளிடும், கட்டருக்கு எட்டற பக்கத்துக்கு. அப்புறம் பைலட் வழுக்கிட்டுப் போகணும், ஆனா லொடலொடன்னு ஆடக்கூடாது. எண்ணெய் தொட்டுக்கணும், இல்லன்னா பித்தளை பைலட்ல ஒட்டிப் பிடிச்சுக்கும். சூடு ஏறினா அளவு நகரும், நாலஞ்சு கேஸ் ஆனதும் ஆற விடுங்க.

நண்பர் பாத்த அந்தப் பாதிப் பளபளப்பு கட்டர் வரைஞ்சு காட்டின படம். கண்ணுக்கே தெரியாத தடிப்பு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு அப்படியே தெரியுது, எனக்கு இது இன்னும் அலுக்கல.

கட்டரை எங்க நிறுத்தறதுங்கறதும் முக்கியம். கழுத்து முடிஞ்சு தோள், அதாவது கேஸ் அகலமாகற சரிவு, ஆரம்பிக்கற இடத்துல லேசா தோளைத் தொடணும். முன்னாடியே நிறுத்திட்டா அங்க ஒரு தடிச்ச வளையம் மிச்சமாகி, அடுத்த தடவை சைஸ் பண்றப்போ (கேஸை அச்சுல அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வர்றப்போ) உள்பக்கம் பிதுங்கும், டோனட்னு சொல்வாங்க. ரொம்ப உள்ள போனா அந்த இடமே பலவீனமாயிடும்.

எல்லா ரைஃபிளுக்கும் கடைஞ்சா குறி கூடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஃபேக்டரி சேம்பர்ல, அதாவது துப்பாக்கிக்குள்ள தோட்டா உக்கார்ற குழியில, ஏற்கனவே இடம் தாராளம். இன்னும் மெலிசாக்கினா கழுத்து ஒவ்வொரு தடவையும் அதிகமா விரிஞ்சு, திரும்ப சுருக்கப்பட்டு, பித்தளை இறுகி சீக்கிரம் விரிசல் விடும். அங்க மேட்டை மட்டும் சீவினா போதும், சுத்திலும் பளபளப்பு வரணும்னு அவசியமே இல்ல. கழுத்து இறுக்கமா வெட்டின சேம்பர்னா கதை வேற, அங்க கடையாம போட்டா புல்லட்டை விடுவிக்க கழுத்துக்கு விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஆபத்தா ஏறும்.

விரிசல்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல இருந்தப்போ மழைக்காலத்துல தோட்டா கேஸ்கள் சுடாமலே வெடிப்பு விட்டுச்சு, சீசன் கிராக்கிங்னு பருவத்து மேலயே பழி போட்டு பேரும் வச்சாங்க. குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அம்மோனியாவும், இழுத்து நீட்டினப்போ பித்தளைக்குள்ள தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்த வேலைன்னு 1921-லதான் விளக்கம் வந்துச்சு. லாயம் பக்கத்துலயே இருந்தும் இவ்வளவு காலம்! உலோகத்தை உக்காந்து பாக்கற ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதனாலதான். அம்மோனியா கலந்த கிளீனரை கேஸ்ல போடாதீங்கன்னு இன்னிக்கும் சொல்றதுக்கும் இதே காரணம்தான்.

நண்பருக்கு நான் சொன்னது: கழிச்சுப் போட்ட அஞ்சாறு கேஸ்ல முதல்ல பழகுங்க, கட்டரை ஒரேயடியா இறக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் பந்து முனை மைக்ரோமீட்டரால சுத்தி நாலு இடத்துல அளந்து எழுதி வைங்க. நாலு எண்ணும் ஒண்ணா வந்தப்புறம் நல்ல கேஸை எடுங்க.