சிசியைக் கேட்பதற்கு முன் சைக்கிளைக் கொண்டு வாருங்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் ஐஸ் பெட்டியுடன் கிளம்புகிறவர்கள், கேனில் டீ எடுத்துச் சென்று விற்பவர்கள் என்று வட சென்னையில் சைக்கிளை நம்பித் தொழில் செய்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் இரு சக்கர வாகனப் பட்டறை நடத்தும் என்னிடம் இவர்களும், காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்களும் கேட்கும் முதல் கேள்வி, சைக்கிளில் பொருத்தும் எஞ்சின் கிட்டை எத்தனை சிசியில் வாங்கலாம் என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, உங்கள் சைக்கிளின் பின் சக்கரத்தில் எத்தனை ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கின்றன என்பது.

அதற்குக் காரணம் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் டூ ஸ்ட்ரோக் கிட்டுகளில் பெரும்பாலானவை, பின் சக்கரத்துக்கான பல் சக்கரத்தை நேரடியாகச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் மாட்டுவதில்லை. ஸ்போக்ஸ் கம்பிகளின் இரு புறமும் ரப்பர் வளையங்களை வைத்து, 9 போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கின்றன. இந்த அமைப்பு 36 கம்பிகள் கொண்ட சக்கரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. நம் ஊரின் பழைய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களிலோ பின் சக்கரத்துக்கு வழக்கமாக 40 கம்பிகள் இருக்கும். ஆகவே போல்ட்டுகள் கம்பிகளுக்கு இடையே சீராக இறங்காமல் சில கம்பிகளை வளைத்துக்கொண்டு நிற்கும். பல் சக்கரம் மையம் தவறிச் சுழலும். செயின் ஒரு சுற்றுக்குள்ளேயே ஒரு முறை இறுகி ஒரு முறை தொய்யும். ஹப்பைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் வகை அடாப்டர் இருக்கிறதா, அது உங்கள் ஹப்பின் விட்டத்துக்குப் பொருந்துமா என்று வெர்னியர் வைத்துப் பார்த்த பிறகுதான் கிட்டின் விலையைப் பேச வேண்டும்.

செயினைத் தொய்வில்லாமல் வைக்கச் சட்டகத்தின் கீழ்க் குழாயில் மாட்டப்படும் சிறு உருளையையும் நான் நம்புவதில்லை. அதிர்வில் அதன் பிடி தளர்ந்து, உருளை உட்புறமாகத் திரும்பி, ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் நுழைந்துவிட்டால் பின் சக்கரம் ஓடும் வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும். கன்டெய்னர் லாரிகள் அடுத்தடுத்து வரும் எண்ணூர் விரைவுச் சாலையில் அப்படி ஒரு நொடி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

அடுத்தது பிரேக். எஞ்சினின் பல் சக்கரத்தில் 10 பல், பின் சக்கரத்தில் 44 பல் என்ற வழக்கமான அமைப்பில், 26 அங்குலச் சக்கரம் கொண்ட சைக்கிள், எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும்போதே மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். மிதித்து ஓட்டும் 15 கிலோமீட்டர் வேகத்தைப்போல இது இரு மடங்குதான் என்றாலும், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இரும்பு ரிம்மின் உட்புறத்தை அழுத்தும் கம்பி பிரேக், மழையில் ரிம் நனைந்ததும் கிட்டத்தட்டக் கைவிட்டுவிடும். நல்ல டிஸ்க் பிரேக்கோ அலுமினிய ரிம்மோ இல்லாத சைக்கிளுக்கு எவ்வளவு உயர்ந்த எஞ்சினும் தகுதியான எஞ்சின் ஆகாது.

சைக்கிள் தேறியதென்றால் பெட்டியைத் திறக்கலாம். 80 சிசி என்று விற்கப்படும் கிட்டுகளில் பெரும்பாலானவற்றின் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 66 சிசிதான் வருகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணையே நம்ப முடியாதபோது உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். சிலிண்டரைக் கழற்றி, அதன் சுவரில் வாயு வந்து போகும் துளைகளான போர்ட்டுகளின் விளிம்பில் வார்ப்புப் பிசிறு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிஸ்டன் ரிங் அந்தப் பிசிறில் மாட்டி உடைந்தால் சிலிண்டரும் சேர்ந்து போகும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் மேல் முனையில் ஊசி பேரிங் இருக்க வேண்டும். கிட்டுடன் வரும் போல்ட்டுகளும் நட்டுகளும் பெரும்பாலும் மிருதுவான இரும்பு. அவற்றை மாற்றிவிட்டு உறுதியைக் குறிக்கும் 8.8 முத்திரை உள்ள போல்ட்டுகளையும் லாக் நட்டுகளையும் போடச் சொல்வேன். சில நூறு ரூபாய் செலவாகும், முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கடற்காற்றும் இன்றைய பெட்ரோலும் சேர்ந்து தரும் தொல்லை தனி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். ராயபுரம், திருவொற்றியூர் காற்றில் சில வாரங்கள் நிறுத்தி வைத்த டாங்கின் அடியில் நீர் தேங்கித் துரு பிடிக்கும், மலிவான ரப்பர் குழாய் உப்பிக் கசியும். டாங்கின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்து, எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோலில் ஆயில் கலப்பதில் கையேட்டைப் பின்பற்றுங்கள்: 20:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி ஆயில், 16:1 என்றால் 62 மில்லி.

இத்தனையும் சரியாக இருந்தாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, நான்கு சக்கரங்களுக்குக் குறைவான வண்டியின் எஞ்சின் 25 சிசியைத் தாண்டாவிட்டால் மட்டுமே அதை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. (திருவொற்றியூர்க்காரர்களுக்கு என்ஃபீல்டின் மோஃபா நினைவிருக்கலாம், அந்தக் குட்டி மொபெட் இந்த வரம்புக்குள் வந்த வண்டி.) 49 சிசியோ 66 சிசியோ பொருத்திய சைக்கிளுக்குப் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றும் வேண்டும். ஆனால் பதிவுக்கு அடிப்படையான வகை ஒப்புதல், அதாவது அந்த மாடலைச் சோதித்துத் தரும் சான்று, அந்தக் கிட்டுக்கு இல்லை. விபத்தில் இன்னொருவர் காயம்பட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். ஆகவே, தொழிற்சாலை வளாகத்துக்கோ தனியார் மைதானத்துக்கோ அல்லாமல் பொதுச் சாலைக்காகக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கிட்டைப் பொருத்தித் தருவதில்லை.

தினசரித் தொழிலுக்கு வேண்டுமென்றால் மின் மோட்டார் பொருத்திய, பெடல் உதவியுடன் ஓடும் சைக்கிளைப் பாருங்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போது மோட்டார் தானாக நிற்பதாகவும் இருந்து, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற சோதனை அமைப்பு அதைச் சரிபார்த்து ஒப்புதல் வழங்கியிருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அந்தச் சான்றிதழின் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள்; ‘சார், யாரும் கேட்டதில்லை’ என்று அவர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். பழைய சைக்கிளில் ஹப் மோட்டாரைத் தனியாகப் பொருத்துவதாக இருந்தால், அச்சு சுழன்று ஃபோர்க்கிலிருந்து கழன்று வராமல் தடுக்கும் டார்க் ஆர்ம் பெட்டிக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.