காரைக்குடியில் மாநாட்டு மையம்: பணம் யாருடையது, நட்டம் யாருக்கு?

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆயிற்று. அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியும் நடத்தும் கருத்தரங்குகள், பிள்ளையார்பட்டிக்கும் கானாடுகாத்தானுக்கும் வருகிற கூட்டம், இவற்றைப் பார்க்கிறவர்களுக்கு ஊரில் பெரிய மாநாட்டு மையம் ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அதை அரசு-தனியார் கூட்டு முறையில், அதாவது பிபிபியில் கட்டினால் பணம் எப்படி வரும், நாம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் கோயில் திருப்பணிக்கு நகரத்தார் புள்ளி வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கொடுத்த பணத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லை. பிபிபி அப்படியல்ல. மனை மாநகராட்சியுடையது, அதை விற்பதில்லை. கம்பெனி கட்டடம் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் நடத்தி, வாடகை வசூலித்து, கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். போட்ட முதலும் லாபமும் அந்த ஆண்டுகளுக்குள் வந்தாக வேண்டும்.

வராது என்று தெரிந்தால் கம்பெனி டெண்டருக்கே வராது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஒன்றிய அரசின் வயபிலிட்டி கேப் நிதி இருக்கிறது. திட்டச் செலவில் 20 சதவீதம் வரை ஒன்றிய அரசு மானியமாகத் தரலாம், திட்டத்தை முன்வைக்கும் அரசோ அமைப்போ இன்னும் 20 சதவீதம் வரை சேர்க்கலாம். 100 கோடி செலவென்றால் அதிகபட்சம் 40 கோடி. எல்லாருக்கும் ஒரே நிபந்தனை, குறைவான மானியம் கேட்கிறவருக்கே வேலை. கம்பெனி தன் பங்கு முதலைச் செலவழித்த பிறகே மானியம் வரும், அது நல்ல ஏற்பாடு.

ஆனால் இதை நம்பி நாம் கணக்குப் போடக் கூடாது. அந்த நிதித் திட்டத்தின் தொடக்கப் பட்டியலில் இருந்தது பன்னாட்டு மாநாட்டு மையம், நம் ஊர் அளவு மையமல்ல. 2021-ல் கண்காட்சி, மாநாட்டு மையங்களை அடிப்படைக் கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்தபோதும் குறைந்தது 1,00,000 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று வைத்தார்கள். அதாவது பத்தே முக்கால் லட்சம் சதுர அடி. நமக்குப் போதுமான இரண்டாயிரம் பேர் அரங்கு அதன் கிட்டேயே வராது. மானியத்துக்காகக் கட்டடத்தைப் பெருக்கினால் வருஷம் முழுக்கக் கரண்ட் பில்தான் மிஞ்சும். அதனால் நம் அளவு மையத்துக்குச் சுமை மாநில அரசு மேலும் மாநகராட்சி மேலும்தான் விழும் என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

சாத்தியக்கூறு அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மாதவாரி வருமானம். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளுக்கு மண்டபம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. ஆண்டு சராசரி என்று ஒரே எண்ணைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐந்தொகை, அதாவது சொத்து-கடன் கணக்கு பார்த்துப் பழகிய ஊர் இது.

அடுத்தது ஒப்பந்தம். அரங்கு காலியாகக் கிடந்தால் நட்டம் யாருடையது? வருமானத்தில் பங்கு என்று மட்டும் எழுதினால் மாநகராட்சிக்கு ஒன்றும் வராமல் போகலாம். நிலையான ஆண்டு வாடகை, அதற்கு மேல் வருமானப் பங்கு, இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. குறையும் வருமானத்தை அரசு ஈடு செய்யும் என்ற வரி இருக்கவே கூடாது. உள்ளூர்ப் பள்ளிக்கும் கைத்தறி, ஆத்தங்குடித் தரைக்கல் கண்காட்சிக்கும் குறைந்த வாடகையில் எத்தனை நாள் என்பதும் அதிலேயே வர வேண்டும்.

இடத்தைப் பற்றி மனதில் உறுத்தும் ஒன்று உண்டு. வீட்டு முற்றத்து மழைநீரை வீணாக்காமல் சேர்த்து, ஊர்த் தண்ணீருக்கு ஊருணி வெட்டி வாழ்ந்தவர்கள் நாம். ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டால் ஊருணி வறண்டுவிடும். மனையைத் தேர்வு செய்யும் முன்பே வரத்துக்கால் வரைபடத்தைக் கேளுங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு. சாத்தியக்கூறு அறிக்கை, டெண்டர் ஆவணம், ஒப்பந்த நகல் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டி மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறது, அதை மேற்கோள் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.